ஓவிய வகுப்பில் படம் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையில் போன் வந்ததிலிருந்து பிள்ளைகள் ஒரு நாளில் பார்த்துத் தள்ளும் படங்களுக்குக் கணக்கே இல்லை. ஓவிய வகுப்பிலோ இன்னும் பூச்சாடியை வைத்து வரையச் சொல்லி, மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். வரைவதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

போலிப் படத்தைக் கண்டுபிடிக்க ஒருநாள் பயிற்சி வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். போதவே போதாது. 2023ல் போப் பிரான்சிஸ் வெள்ளைக் குளிர்கோட்டு போட்டிருப்பதாக ஏஐ படம் ஒன்று பரவியதே, அப்போது கையை உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார்கள். அந்த மாதிரிக் குறைகளை மென்பொருள் சீக்கிரமே சரிசெய்துகொள்கிறது. அப்புறம், நிஜப் படமும் ஏமாற்றும். தூரத்தில் நின்று, தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால், தள்ளித் தள்ளி நிற்பவர்கள்கூட நெருக்கியடித்து நிற்பதுபோலத் தெரிவார்கள். படத்தைத் திருத்துவதும் இன்று நேற்று வந்ததல்ல. 1982ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், அகலமான படம் அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக கிசா பிரமிடுகளையே கணினியில் நெருக்கி வைத்தது. படம் திருத்தும் மென்பொருளான ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்ததே 1990ல்தான்!

இதற்குப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளைச் சட்டம்போலச் சேர்த்து ஒரு செய்திப் படத்தின்மேல் நகர்த்தச் சொல்லுங்கள். கை ஓங்கி நிற்கும் ஒருவர் மட்டும் தெரிந்தால் அடிக்கப் போகிறார் என்றுதான் தோன்றும், சட்டத்தைக் கொஞ்சம் விலக்கினால் மேலே பந்து இருக்கும். வெட்டும் இடத்தில் கதை மாறுவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்த்துவிடுகிறது.

உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் படம் பார்ப்பதற்காக உருவாக்கிய கற்பித்தல் முறையில் ஒரு கேள்வி உண்டு: எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? ‘இவர் கெட்டவர்’ என்று சொல்லும் பிள்ளை, கீழிருந்து விழும் வெளிச்சத்தையோ முகத்தில் பாதியை மறைக்கும் நிழலையோ விரல் வைத்துக் காட்டியாக வேண்டும். ஒளி, நிழல், கோணம், இடைவெளி எல்லாம் ஓவிய ஆசிரியர் தினமும் பேசும் விஷயங்கள்தானே. அதனால்தான் இதைக் கணினி வகுப்பின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

வாரத்துக்கு ஒரு படம், பதினைந்து நிமிடம் போதும். தேர்வு வந்தால் ஓவிய வகுப்பைக் கணக்குக்குத் தாரைவார்ப்பதை நிறுத்தினாலே அந்த நேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்