புரதமா ரின் அனுப்பும் பிள்ளைகளுக்கு

கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று சிதறி இருக்கிற எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அம்மா அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றதும் நீங்கள் பார்சலில் வைத்து அனுப்புகிற புரதமா (புரோட்டீன் பவுடர்) ரின்னைப் பற்றித்தான் கதை. போன மாசம் என் தம்பியும் ஒன்று அனுப்பினான். மேலே தசை முறுக்கிய ஒரு பொடியனின் படம், விளக்கம் முழுக்கப் பிரெஞ்சு. 68 வயது அம்மா காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி பாலில் கரைத்து, ருசிக்கு இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டுக் குடித்தா. "சத்துமா தானே பிள்ளை!"

ஒரு கரண்டியில் 25 கிராம் புரதம். இரண்டு கரண்டி 50. அம்மாவின் நிறை 58 கிலோ. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் கூடியிருந்ததைக் கிளினிக் கொப்பியில் பிறகுதான் கவனித்தேன். சிறுநீரகம் பழுதுபட்டு, டயாலிசிஸுக்குப் போகாத நீரிழிவுக்காரருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 0.8 கிராம் அளவுதான் புரதம். அம்மாவுக்கு அது 46 கிராம். சோற்றில் கை வைக்க முதலே கணக்குத் தாண்டிவிட்டது.

மாவை நஞ்சென்று சொல்லவில்லை. சிறுநீரகம் நல்லாயிருக்கிற வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க, கிலோவுக்கு 1 கிராமுக்கு மேலும் வேண்டும். சாப்பாடு இறங்காதவர், கால்புண் ஆறாதவர், டயாலிசிஸ் செய்பவர் ஆகியோருக்கு டொக்டரே சில நேரம் மா எழுதுவார். ஆனால் நீரிழிவு சிறுநீரகத்தை நோவே காட்டாமல் அரிக்கும். வவுனியாப் பக்கக் கிராமங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வேறு இருக்கிறது. இரத்தத்தில் கிரியேட்டினின், சலத்தில் அல்புமின் (சிறுநீரகம் பழுதுபட்டால் கசியும் புரதம்) இரண்டையும் பார்க்காமல் ரின்னைத் திறக்கவேண்டாம்.

சில மாக்களில் மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாச்சத்துத் தூள் கலந்திருக்கும். பெயரில் சீனி இல்லை, ஆனால் இரத்தத்தில் சீனியைப் போலவே ஏறும். அதேநேரம், இரத்தத்தில் சீனி இறங்கி வியர்த்து நடுங்கும்போது புரதமா கைகொடுக்காது, குளுக்கோஸோ சீனித்தண்ணியோதான்.

எங்கள் வீடுகளில் உண்மையான குறை காலைச் சாப்பாட்டில். பாணும் சம்பலும், இல்லாவிட்டால் புட்டும் சம்பலும். மத்தியானம் சோறு மலைபோல, ஓரத்தில் ஒரு மீன் துண்டு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி பயறில் 7, உள்ளங்கை அளவு மீனில் 20, கச்சான் ஒரு கைப்பிடியில் 7, இரண்டு கோப்பைச் சோற்றில் 8. கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அம்மாவின் கணக்கு வந்துவிடும். இரணைமடு மீனும் முல்லைத்தீவுச் சூடையும் வாசலுக்கே வருகிறது. பாதிப் புட்டைக் குறைத்து அவித்த பயறு வைக்க, எங்கள் அம்மாவோடு ஒரு கிழமை சண்டை. சரி, அது வேறு கதை.

அடுத்த முறை கதைக்கும்போது கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரின்னுக்கு வைத்த காசில் இரத்தப் பரிசோதனை செய்து, நாலு ஊர்க்கோழியும் வாங்கலாம்.

தம்பி, கோபிக்காதே. மிச்ச மா அலுமாரிக்கு மேல் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் கிரியேட்டினின் துண்டைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஊரில் அம்மாவைப் பார்க்கும் ஒரு அக்கா