டர்பன் தமிழர் ஆவணப் பெட்டிகள்: மே 31-க்குள் இன்னும் 54,000 ராண்ட் தேவை

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் பெட்டிகளில் உள்ள பழைய மினிட் புத்தகம், பள்ளிப் பதிவேடு, படம், கேசட் எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்துக் காப்பாற்றும் வேலை இது. முருகன் அருளால் காமிரா வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது. படம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கூலி கொடுக்கத்தான் பணமில்லை. பெட்டிகள் இருக்கும் மண்டபத்துப் பின்னறையை செப்டம்பர் 30-க்குள் காலி செய்ய வேண்டும். அக்டோபரில் மழை பிடித்துவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பட்ட பாடு நினைவிருக்கும். நனைந்த மினிட் புத்தகத்தை எந்தச் சாமியும் காயவைத்துத் தராது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்கள் கோயில் கட்டினார்கள், தமிழ்ப் பள்ளி வைத்தார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று வந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. அந்தத் தலைமுறையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஜில்லா எல்லாம் கப்பல் பட்டியலில் உண்டு. அதை அரசு காப்பாற்றிவிட்டது. பிறகு நடந்ததற்கு, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரிலிருந்து நம்மைக் கிளப்பியதற்கு, சாட்ஸ்வர்த்தில் மறுபடி அடுப்பு மூட்டியதற்கு, சாட்சி நம் பெட்டிகள்தான்.

"படமெல்லாம் ஃபேஸ்புக்கில் இருக்கிறதே" என்கிறார்கள். வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் படத்தைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் விவரத்தையும் உதிர்த்துவிடும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் புரளி என்ன செய்தது என்று பார்த்தோம். தேதியும் ஊரும் இல்லாத 1949 டர்பன் கலவரப் படம் யார் கையிலும் எந்தக் கதையும் சொல்லும். அதே 2021-இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகமே தீயில் போனது. நம்முடையது தகரக் கூரை.

மொத்தம் 18,000 பக்கம், 140 கேசட். கேசட்டில் பஜனையும் தெருக்கூத்தும். பக்கத்துக்கு 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), தரம் குறையாத டிஃப் படக் கோப்பு, ஏறக்குறைய 46 எம்பி. ஒருவர் பக்கம் திருப்ப, ஒருவர் எடுக்க, நாளுக்கு 300 பக்கம், 60 நாள். மீதி நாட்கள் பெயரிடவும் சரிபார்க்கவும். நகல்தாள் வெங்காயச் சருகு மாதிரி. துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுத்தால் மூலையோடு வரும். தாளின் பின்பக்கத்தில் மடங்கியிருக்கும் ஸ்டேப்பிள் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கேசட்டில் நாடாவுக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், அதை முதலில் மாற்ற வேண்டும்.

கணக்கு இது: காமிராவும் லென்ஸும் 31,000 ராண்ட், தாங்கியும் விளக்கும் 14,500, அமிலமற்ற பெட்டிகள் 8,900, மின்வெட்டுக்கு யுபிஎஸ் 5,000. இவை வாங்கியாயிற்று. இனி வேண்டியவை: இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு மாத அரைநாள் கூலி 44,000, கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்ற ஒன்றுக்கு 120 வீதம் 16,800, ஒரே பிரதி மூன்று இடத்தில் இருக்க மூன்று ஹார்டு டிஸ்க் 4,800. ஆக 1,25,000. வந்தது 71,000.

அந்த 71,000-ஐத் தந்த கைகளுக்குக் கோடி நமஸ்காரம். பென்ஷன் வாங்கிய அன்றே 50 ராண்டோடு வந்த பாட்டிமார், காவடிச் செலவில் மிச்சம் பிடித்துத் தந்த குடும்பங்கள், பெட்டிகளைச் சும்மா ஏற்றி இறக்கிய லாரிக்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் உண்டியல் ஏந்திய மகளிர் குழு, தன் கடைக் கல்லாவருகே டப்பா வைத்த முஸ்லிம் அன்பர், தமிழ் தெரியாமலே அட்டவணை போட்டுக் கொடுத்த ஜூலு மாணவர்கள்: எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளை கல்யாணத்துக்கு வீடியோ, ட்ரோன் என்று தாராளமாகச் செலவழித்தும் இதுவரை ரசீதுப் புத்தகத்தில் பெயர் வராத வீடுகளும் சில உண்டு. அவர்களுக்கே தெரியும்.

பழைய படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் ஏறினால் பிரிக்க முடியாது. பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சில் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், தரம் குறையாது. உயிரோடு இருப்பவர்களின் பள்ளிப் பதிவேட்டு விவரம் அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே போகாது.

மே 31-க்குள் பணம் சேர்ந்தால் ஜூன் 1-இல் வேலை தொடங்கும். கோயில் அலுவலகத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ரசீது கிடைக்கும்.

— ஆவணக் குழுவினர்