பிளாக்பெர்ரி ஒயினை எப்போது டெமிஜானுக்கு மாற்றுவது

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு கிலோ பிளாக்பெர்ரி, ஒரு கிலோ சர்க்கரை, ஹைட்ரோமீட்டரில் (சாறின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) தொடக்க ரீடிங் 1.088; சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன இது இறங்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறாயே, அதுவே பாதி வேலை. ஆறாம் நாள் நுரை அடங்கிவிட்டது, வாளியிலிருந்து டெமிஜானுக்கு, அதாவது குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடி ஜாடிக்கு, மாற்றலாமா என்று கேட்கிறாய்.

நுரையை நம்பாதே. உன் சமையலறை 24 டிகிரி என்றால் ஒயின் இந்நேரம் 1.010க்கு வந்திருக்கலாம், இரவுக் குளிரில் 15க்கு இறங்கியிருந்தால் ஈஸ்ட் சோர்ந்துபோய் 1.050இல் நிற்கலாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொஞ்சம் சாறை வடிகட்டிக் குலுக்கி, வாயு வெளியேறியபின் ஹைட்ரோமீட்டரை விட்டுச் சுழற்று. தண்டில் குமிழி ஒட்டினால் மிதந்து, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 1.030க்கும் 1.020க்கும் நடுவே இருந்தால் மாற்று.

அந்த எண்ணுக்குக் காரணம் காற்று. முதல் சில நாள் ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். அதனால்தான் துணி மூடிய வாளி. பிறகு அதே காற்று ஒயினைக் கெடுக்கும். 1.020இல் ஈஸ்ட் இன்னும் மும்முரமாக இருப்பதால், மாற்றும்போது கலக்கும் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்; ஜாடிக் கழுத்தில் உள்ளதை அதன் வாயு வெளியே தள்ளிவிடும். 1.000 வரை வாளியில் விட்டால் அந்தக் காவல் போய்விடும். ஒரு பழ ஈ விழுந்தாலே காடியாகப் புளிக்க வழியுண்டு. 1.060இலேயே அவசரப்பட்டாலோ, நுரையும் திப்பியும் ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத குழாய்) அடைத்து, அழுத்தம் ஏறி, அடைப்பான் தெறிக்கும். கூரையில் படிந்த பிளாக்பெர்ரிக் கறை லேசில் போகாது.

சக்கையை எடுப்பது வேறு கணக்கு, இதனோடு குழப்பிக்கொள்ளாதே. பிளாக்பெர்ரிச் சக்கையை ஐந்தாம் நாள் எடுத்துவிடலாம். ஒரு வாரம் தாண்டினால் விதையின் துவர்ப்பு இறங்கிவிடும். எல்டர்பெர்ரிக்கு மூன்று, நான்கு நாளே போதும், அதில் துவர்ப்பு ஏற்கெனவே அதிகம். ரீடிங் இன்னும் 1.040 என்றால் சக்கையை மட்டும் எடுத்துவிட்டு, சாறை வாளியிலேயே மூடி வை. சக்கை உள்ள நைலான் பையைத் தானாக வடியவிடு. முறுக்கிப் பிழிந்தால் ஒயின் கலங்கல் தெளிய மாதக்கணக்காகும்.

மாற்றும்போது பலர் செய்யும் தவறு, தெளிந்ததை மட்டும் எடுப்பது. வேலை செய்யும் ஈஸ்ட் அந்த மெல்லிய வண்டலில்தான் நிறைய இருக்கிறது. அதை முழுக்க விட்டுவிட்டால் 1.015இல் நின்றுபோகும், மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அடியில் கிடக்கும் விதையையும் தோலையும் மட்டும் விட்டுவிடு. கேம்ப்டன் மாத்திரை (ஒயினைக் கெடாமல் காக்கும் சல்பைட் மாத்திரை) இப்போது வேண்டாம், ஈஸ்ட்டைத் தளர்த்தும்.

ஜாடியை முதலில் கழுத்துவரை நிரப்பாதே. மூன்று விரல் இடம் விட்டு, மிச்சச் சாறைச் சிறு புட்டியில் ஊற்றிப் பஞ்சு அடைத்து வை. மூடியை மட்டும் திருகிவிடாதே, புட்டி வெடிக்கும். இரண்டு மூன்று நாளில் நுரை தணிந்ததும் அதைக்கொண்டே அடைப்பானுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழ்வரை நிரப்பு. அக்டோபரில் வீடு குளிரும், பாய்லர் பக்கத்து அலமாரியில் வை. 18 முதல் 22 டிகிரி போதும்.

வண்டலை விட்டு வேறொரு ஜாடிக்கு மாற்றும் அடுத்த மாற்றத்துக்கு அவசரமில்லை. நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் 0.994 போல ஒரே எண்ணைக் காட்டி, அடியில் ஒரு விரல் வண்டல் படிந்ததும் செய். அப்போது குழாய் நுனி புது ஜாடியின் அடியைத் தொடட்டும், தெறிக்கக் கூடாது. 4.5 லிட்டருக்கு ஒரு கேம்ப்டன் போடுவது அப்போதுதான். அதற்கு முன்பே அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் வண்டலிலிருந்து பிரித்துவிடு.

ப்ளம் போடப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதன் சதை கரைந்து வண்டல் மிக அதிகமாகச் சேரும், 4.5 லிட்டர் வேண்டுமென்றால் ஐந்தரை லிட்டராகத் தொடங்கு. பழக் கலங்கலைத் தெளியவைக்கும் பெக்டின் நொதியை ஈஸ்ட்டுக்கு 24 மணி நேரம் முன்பே போட்டுவிடு.

இன்றிரவே அளந்து, எண்ணையும் அறை வெப்பத்தையும் எழுது. 1.040க்கு மேல் இருந்தால் வாளியை வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்திவிட்டு, நாளை மறுநாள் மறுபடி பார்.

அன்புடன்,
செல்வம்