சந்தா பாக்கியும் சாவு மணியும்: சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கீழத்தெருவில் நடந்த அடக்கத்தைப் பற்றி உங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று யார் என்ன சொன்னார்கள், மணி ஏன் மத்தியானம் வரை அடிக்கவில்லை என்பதெல்லாம் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தவை. அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சபைக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி இருக்கிறது என்பதற்காக இனி எந்த வீட்டுச் சாவுக்கும் கோயில் மணியை நிறுத்தி வைக்காதீர்கள். கல்லறைத் தோட்டத்துச் சாவியைப் பிடித்து வைக்காதீர்கள். இதைத் தீர்மானமாக எழுதி, ஞாயிறு ஆராதனையில் வாசியுங்கள்.

இறந்துபோன பெரியம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. விடிந்ததும் உயிர் போய்விட்டது. கோடை வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மகன், கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் போனார். அவர் பொருளாளரைக் கேட்டு வரச் சொன்னார். பொருளாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மூணு வருசம் நிக்குது தம்பி, அதைக் கட்டிட்டு வாங்க, அப்புறம் மணியடிக்கச் சொல்றேன்” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாராம். அவர் மேல் எனக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை. நீங்கள் போட்ட விதியை அவர் படித்துச் சொன்னார், அவ்வளவுதான்.

இதற்கப்புறம் வீட்டுக்குள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மகன் கையிலிருந்த காசு ஐஸ் பெட்டி வாடகைக்கும் குழி வெட்டும் ஆட்களுக்கும் சரியாகிவிட்டது. மருமகள் உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னாள். பெரியம்மாவின் காதில் இருந்த தோட்டைக் கழற்ற வேண்டும் என்றாள். எப்படியும் அடக்கத்துக்கு முன் நகையைக் கழற்றுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கழற்றுவோம்தான். கழற்றிப் பேத்திக்கு வைப்போம். இந்தத் தோட்டை அவசர அவசரமாகக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. திருகாணி வருடக்கணக்கில் கழற்றாமல் இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினோம். ஒரு காதில் வந்துவிட்டது, மற்றதில் வரவே இல்லை. மருமகள் அழுதுகொண்டே “அத்தை, மன்னிச்சுக்குங்க அத்தை” என்று சொல்லிச் சொல்லித் திருகினாள். செத்துப்போன ஒருவரிடம் ஒரு பெண் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமையை நம்முடைய சபை உண்டாக்கியது. அடகுப் பணம் வந்தது, ரசீது போட்டாயிற்று, மணி அடித்தது. ஆயர் ஐயா நல்லபடியாக ஜெபம் செய்து அடக்கம் பண்ணினார். அதில் குறை இல்லை.

மூன்று வருடம் ஏன் பாக்கி நின்றது? இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கக் கூடாத கேள்வி அது. 2023 ஜூன் 12 அன்று பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறந்தார்கள், அக்டோபரில் மூடிவிட்டார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நம் கடைமடையில் குறுவை நெல் கருகியது. 2024இல் ஜூலை மாதக் கடைசியில்தான் திறந்தார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் என்று ஏதோ ஒன்று வரும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கைக்கு என்ன வரும்? அறுப்புக்கு மெஷின் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, இப்போது நடவுக்கும் மெஷின் வருகிறது. நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது கணக்கில் ஏறும் என்று யாருக்கும் தெரிந்ததில்லை. பெரியம்மா கொடுக்க மனமில்லாமல் விட்டவர் இல்லை. கையில் இருந்த வருடங்களில் அறுப்பின் பண்டிகைக்கு மரக்கால் நெல்லைத் தலையில் சுமந்து வந்து பீடத்துக்கு முன்னால் வைத்தவர். அதை நானே பார்த்திருக்கிறேன். “ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால்” அவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:12). இது சபைகளில் காணிக்கை சேர்ப்பதைப் பற்றியே எழுதிய அதிகாரம். நம் சந்தா நோட்டில் மனவிருப்பம் எழுதுவதற்கு ஒரு பத்தி இல்லை.

சபை நடக்கப் பணம் வேண்டும், எனக்குத் தெரியும். உபதேசியாருக்குச் சம்பளம், கரண்ட் பில், கூரை ஒழுகினால் ஓடு, இதெல்லாம் ஜெபத்தினால் மட்டும் நடந்துவிடாது. உபதேசியார் குடும்பத்துக்கு நாம் கொடுப்பதே குறைவு. அதனால் சந்தா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தா கேளுங்கள், வீடு வீடாக வந்து கேளுங்கள், பிரசங்கத்தில் கேளுங்கள். ஒரு வீட்டில் பிணம் கிடக்கும்போது கேட்காதீர்கள்.

கமிட்டிப் பெரியவர் ஒருவர் வசனத்தை எடுத்துக் காட்டினார். யாத்திராகமம் 30:15: ஐசுவரியவான் அரைச்சேக்கலுக்கு அதிகமாகவும் தரித்திரன் அதற்குக் குறைவாகவும் கொடுக்க வேண்டாம். ஆகவே எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார். அவர் வேதத்தைத் திறந்து பேசியதற்காக நன்றி சொல்கிறேன். நானும் திறந்துதான் பதில் சொல்கிறேன். ஜனங்களைத் தொகையிடும்போது அவரவர் ஆத்துமாவுக்காகக் கொடுக்கிற மீட்பின் பணம் அது. பணக்காரனுடைய உயிர் கூடுதல் விலை, ஏழையின் உயிர் குறைந்த விலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு பேருக்கும் ஒரே அளவு. ஏழையின் உயிரை உயர்த்துவதற்கு எழுதப்பட்ட வசனத்தைக் காட்டி ஏழையின் அடக்கத்தை நிறுத்த முடியாது. அதே மோசேயின் புத்தகங்களில் லேவியராகமம் 5ஐயும் பாருங்கள். குற்ற நிவாரணத்துக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் இல்லாதவன் கொஞ்சம் மெல்லிய மாவு கொண்டுவந்தால் போதும். இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் ஆட்டுக்குட்டி கொண்டுவரவில்லை, புறாக் காணிக்கைதான் செலுத்தினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். நம் ஆண்டவர் ஏழைக் கணக்கில் பதிவான வீட்டுப் பிள்ளை. நம் விதிப்படி அந்த வீட்டையும் பாக்கிக்காரர் பட்டியலில்தான் சேர்த்திருப்போம்.

அந்த அரைச்சேக்கல் பின்னாளில் தேவாலய வரியாக மாறியது. கப்பர்நகூமில் வரி வாங்குகிறவர்கள் பேதுருவை வழிமறித்து, உங்கள் போதகர் வரி கட்டுகிறதில்லையா என்று கேட்டார்கள். ராஜாவின் பிள்ளைகள் வரி கட்டத் தேவையில்லை என்று இயேசு சொன்னார். ஆனாலும் மற்றவர்களுக்கு இடறலாகக் கூடாது என்று, மீனின் வாயில் கிடைத்த வெள்ளிப்பணத்தை “எனக்காகவும் உனக்காகவும்” கொடு என்றார் (மத்தேயு 17:24-27). அவர் பேதுருவைப் பார்த்து, உன் பங்கை நீயே தேடிக்கொள் என்று சொல்லவில்லை. தன்னோடு இருந்தவனுடைய வரியையும் சேர்த்துக் கட்டினார். தேவாலய வரியில் கிறிஸ்து செய்தது இதுதான். அவருடைய சபை செய்ய வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். கட்ட முடியாத வீட்டின் சந்தாவைச் சபையே கட்டட்டும். வசதியுள்ள குடும்பங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மல்கியா 3:10, தசமபாகங்களைப் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள் என்ற வசனம், நம் கோயில் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால் போனால், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாக இருப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். அதைச் சுவரில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. காணிக்கைப் பெட்டியில் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்ட ஏழை விதவையைப் பற்றிய பிரசங்கத்தை நாம் எல்லாரும் வருடம் தவறாமல் கேட்கிறோம். மாற்கு 12இல் அந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். காசு போட்டவளைக் காட்டிய கையோடு, அந்த தேவாலயத்தின் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். முன்னும் பின்னும் இருப்பதை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் காணிக்கைத் தட்டுக்கு முன்னால் வாசிக்கும்போது, அவள் கொடுத்ததைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவளிடம் ஏன் இரண்டு காசுக்கு மேல் இல்லை என்று கேட்காமல் போய்விடுகிறோம். உபாகமம் 14:28-29இல் மூன்றாம் வருடத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்கிற லேவியனுக்கு மட்டும் போகவில்லை. பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

வேதம் வேண்டாம், நம் சொந்தச் சரித்திரத்தையாவது பாருங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதை ஜூலை மாதத்தில் விழாவாகக் கொண்டாடுகிறோம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715இல் அச்சிட்டு முடித்ததைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் 1708இல் டேனியக் கோட்டையில் எதற்காகச் சிறை வைக்கப்பட்டார் என்று நம் வாலிபர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவர் காலத்துக் கடன் ஒன்றைப் பற்றி, டேனிய வணிகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரோடு அவருடைய விதவைக்கு வழக்கு. அந்த விதவைக்காகச் சீகன்பால்க் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். டேனியர் கோயிலுக்கே போய்க் கவர்னர் முன்னால் மண்டியிட்டுக் கேள் என்று அவளுக்கு யோசனை சொன்னார். கவர்னருக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்துக்கும் மேல் சிறை. நம் ஊர்ப்பக்கத்துக்குத் தமிழ் வேதத்தைக் கொடுத்தவர், ஒரு ஏழை விதவையின் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். அவர் பெயரைச் சொல்லி நடக்கிற சபைகளின் நடுவில் இருந்துகொண்டு, ஒரு ஏழை விதவையின் பாக்கிக்காக அவள் பிணத்தைக் காக்க வைத்திருக்கிறோம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

சபைக் கமிட்டி என்பதே எதற்காக வந்தது? அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்களே, அதுதானே முதல் கமிட்டி. அன்றாட விசாரிப்பில் கிரேக்கு பாஷைக்காரரின் விதவைகள் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்புதான் காரணம். விதவைகளை விசாரிப்பதற்காக உண்டான பொறுப்பு அது. இப்போது அந்தப் பொறுப்புக்கு எப்படித் தேர்தல் நடக்கிறது என்று பார்க்கிறோம். சந்தா கட்டியவருக்குத்தான் ஓட்டு. தேர்தல் வருகிற மாதத்தில் தங்கள் பக்கம் ஓட்டுப் போடுகிறவர்களின் பாக்கியைச் சொந்தக் காசிலிருந்து கட்டி ரசீது வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுக்காகக் கட்ட முடிகிறது. செத்தவருக்காகக் கட்ட யாரும் வரவில்லை. புது வளைவுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுகிறோம், அதே வாசல் வழியாகப் பிரேதம் உள்ளே வர ரசீது கேட்கிறோம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த முப்பது வெள்ளிக்காசைக்கூடப் பிரதான ஆசாரியர்கள் தங்கள் பெட்டியில் போடவில்லை. குயவனுடைய நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம் பண்ண இடம் ஒதுக்கினார்கள். மரண தண்டனைக்கு ஒப்புக்கொடுத்த அவர்களே ஊர் பேர் தெரியாத பிணத்துக்கு இடம் கொடுத்தார்கள் என்றால், ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, நம்மோடு ஒரே அப்பத்தில் பங்கெடுத்த ஒருத்திக்கு ஆறடி மண்ணை நாம் காசுக்குக் காட்டலாமா?

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் என் அண்ணன் ஸ்தானத்தில் இருப்பவர்கள். என் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்து நின்றவர்கள். அந்த உரிமையில் திரும்பவும் தாழ்மையாகக் கேட்கிறேன். அடக்கத்தையும் ஞானஸ்நானத்தையும் சந்தாவோடு முடிச்சுப் போடுகிற விதியை நீக்குங்கள். யார் இறந்தாலும் வீட்டார் வந்து சொன்ன உடனே கோயில்பிள்ளை மணியடிக்கட்டும். அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். நெல் விலை போகாத வருடம், தண்ணீர் வராத வருடம், வீட்டில் நோய் வந்த வருடம் ஆகியவற்றில் சந்தாவைத் தள்ளுபடி செய்ய ஆயருக்கு அதிகாரம் கொடுங்கள். காரணத்தை ஆயர் மட்டும் கேட்டால் போதும், கமிட்டி மேசைக்கு வந்து நின்று வறுமையை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கை ஏழை வீடுகளின் அடக்கச் செலவுக்குத் தனியாக வையுங்கள். அந்தத் தோட்டின் அடகுச் சீட்டு இன்னும் மருமகளிடம் இருக்கிறது. வட்டி ஏறுவதற்குள் சபைப் பணத்தில் அதை மீட்டு, ஆயர் ஐயா தம் கையால் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பெண்கள் சங்கத்தில் நாங்கள் பேசியிருக்கிறோம். நிதி ஒன்றைத் தொடங்க முடிவு செய்தால் முதல் பங்கை நாங்களே கொடுக்கிறோம், வசூலிக்கவும் வீடு வீடாகப் போகிறோம். வருகிற கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்களில் இரண்டு பேரை அழைத்தால் வந்து பேசுகிறோம். முடிவு எதுவாக இருந்தாலும் கோயில் வாசல் பலகையில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதே கோரிக்கையை எழுதி அனுப்பிக்கொண்டிருப்போம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபையின் பெண்கள் சங்க உறுப்பினர் ஒருவர்