போக விரும்பும் காலம்

ஞாயிறு இணைப்பிதழில் ‘காலப்பயணம் வாய்த்தால் எந்தக் காலத்துக்குச் செல்வீர்கள்?’ என்ற கருத்துத் தொகுப்பைப் படித்தேன். பலரும் அரசவைகளையும் போர்க்களங்களையுமே நாடியிருந்தனர். நான் செல்ல விரும்புவது, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் உத்திரமேரூர் சபை கூடிய நாளுக்கு. ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியங்கள் எனும் குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, 30 குடும்புகளிலும் (ஊரின் பிரிவுகளிலும்) தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசக் கூடாது. ஆனாலும், வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த துணிவைக் கண்ணால் காண வேண்டும்.

ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று இந்த விதியை விளக்கினேன். “மைத்துனர்கூடவா, ஐயா?” என்று வியந்து கேட்டாள் ஒரு மாணவி. ஆம், மைத்துனரும்தான். வகுப்பறையில் பலமுறை சொல்லியும் பதியாதது அன்று பதிந்தது. கிராம சபைக் கூட்டங்களில் வரவு செலவு வாசிக்கும் முன், இக்கல்வெட்டின் தகுதி விதிகளை இன்றைய தமிழில் வாசிக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்யலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு