முகம் வீங்குவது ஒன்றுதான், நோய் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில் குழந்தைகளின் சிறுநீரகக் கோளாறு பற்றி வந்த கட்டுரையில், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமையும் (சிறுநீரில் புரதம் அளவுக்கு மீறி வெளியேறும் நோய்), தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸையும் (சிறுநீரக அழற்சி) ஒரே பத்தியில் போட்டு, இரண்டுமே தானாகச் சரியாகிவிடும் என்று முடித்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அது உறுத்தியது.

காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவது இரண்டுக்கும் பொது. அலர்ஜி என்று சொட்டு மருந்து போட்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் சிறுநீர் டெஸ்ட்டுக்கு வருவார்கள். நெஃப்ரைட்டிஸ் என்றால் பெரும்பாலும் பாட்டிலைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்: கோலா நிறம், அளவும் குறைச்சல். தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரத்திலோ, சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரத்திலோ இது தலைகாட்டும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம் என்பதால் முதல் சில நாட்கள் கண்காணிப்பு அவசியம். மற்றபடி பெரும்பாலான குழந்தைகள் உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்தாலே தேறிவிடுவார்கள். கட்டுரை சொன்னது இதற்குச் சரி.

நெஃப்ராட்டிக் அப்படியில்லை. பெரும்பாலும் சிறுநீரின் நிறம் மாறாது, நுரைதான் அடங்காது. சோதனைக் குழாயில் சூடாக்கினால் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரளும். அவ்வளவு ஆல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) வெளியேறுகிறது. இதற்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். முதல் தடவை வந்தால் வழக்கமாக 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 வாரத்துக்குள் ஆல்புமின் நின்றுவிடும், வீக்கமும் வற்றிவிடும். அங்கேதான் சிக்கல். 'ஸ்டீராய்டு ஆயிற்றே, பிள்ளை வேறு குண்டாகிறான்' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. 'தானாகச் சரியாகும்' என்று பத்திரிகையிலும் படித்தால் கேட்கவே வேண்டாம்.

மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மறுபடியும் வரும். சளி, காய்ச்சல் வந்தால் போதும். அதனால் வீட்டிலேயே காலைச் சிறுநீரில் ஆல்புமின் அளவைக் காட்டும் ஸ்டிரிப் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துவர வேண்டும். தொடர்ந்து 3 நாள் மூன்று பிளஸ் காட்டினால், வீக்கம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும். தடுப்பூசி போடும் முன் ஸ்டீராய்டு எடுப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஒருவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
தஞ்சாவூர்