குள்ளர் குலங்களின் கதை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நீங்கள் என் கையில் கொடுத்த நாவல் பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன். பாராட்டை நேரில் சொல்லிக்கொள்ளலாம். எனக்கிருக்கும் ஒரே மனத்தாங்கல், இத்தகைய கதைகளை எழுத முனையும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் அதை இப்படிப் பகிரங்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாவலின் முதல் நாற்பது பக்கங்களும் வரலாறாகவே இருக்கின்றன. உளியார், உலையார், விளக்கார் முதலிய ஐந்து குள்ளர் குலங்களும் மலைக்கடியில் ஒரே நடுக்கூடத்தில் வாழ்ந்தன, கூடம் இடிந்தது, மிஞ்சியவர்கள் ஐந்து மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று ஒரு குரல் தடங்கலின்றிச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தக் குரல் எந்தக் குலத்தாருடையது என்று தேடினேன், யாருடையதும் இல்லை. பொது வரலாறு என்றால் ஐவரும் ஒப்புக்கொண்ட வரலாறு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐவருக்கும் பொதுவாக இருப்பது இழப்பு மட்டும்தான் என்பதும், அதைச் சொல்லும் விதத்தில் அவர்கள் ஒருநாளும் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதும் என் எண்ணம்.

இந்த எண்ணம் எனக்கு வந்த இடம் எங்கள் வீடு. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், 1880 தொடங்கி 2001 பிப்ரவரியில் மூடப்படும் வரை நடந்த அந்தச் சுரங்கங்களில், சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை கைவைக்க முடியாமல் சுடும். மேலே அழுத்தும் மலையின் எடை தாங்காமல் சில நேரம் வெடித்தும் சிதறும். அப்படி நிகழ்ந்த ஒரு வெடிப்பைப் பற்றி எங்கள் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அரை நூற்றாண்டாக வாக்குவாதம் நடந்தது. ஷிஃப்டு மாறும் நேரத்தில் அது நடந்ததாம். இறந்தவர்கள் இன்னும் மேலேறி வராத தங்கள் ஆட்கள் என்று இரவு ஷிஃப்டுக்காரர்களும், அப்போதுதான் கீழே இறங்கிய தங்கள் ஆட்கள் என்று காலை ஷிஃப்டுக்காரர்களும் சொல்வார்கள். பெயர்களும் எண்ணிக்கையும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திண்ணைக்குத் திண்ணை அந்தச் சாவுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. இறந்தவர்கள் எங்களவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்காகத்தான் அத்தனை சண்டையும் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கியது.

உங்களுக்கும் இது தெரிந்தேயிருக்கிறது. இல்லாவிட்டால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், இடிபாட்டின் வாசலில் முதல் விளக்கை யார் ஏற்றுவது என்று உலையார் கிழவியும் விளக்கார் கிழவியும் விடியும்வரை மல்லுக்கு நிற்கும் காட்சியை உங்களால் எழுதியிருக்க முடியாது. நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. ஆனால் கூடம் எப்படி இடிந்தது என்பதை முன்பே நீங்கள் தீர்ப்பாகச் சொல்லிவிட்டதால், இரு கிழவிகளில் யார் பொய் சொல்கிறாள் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. சண்டையின் காரமும் போய்விடுகிறது.

வட ஐரோப்பியக் குள்ளர்களின் மூலக்கதைகளில் ஒன்றான வோலுஸ்பா என்னும் பழைய ஐஸ்லாந்துப் பாடல் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. அதில் குள்ளர்களின் பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. நடுவே, டுவாலின் என்ற குள்ளனின் கூட்டத்தார் கல் கூடத்தை விட்டு யோருவெல்லிர் என்ற சமவெளியை நாடிப் போனார்கள் என்ற செய்தி மட்டும் வந்து போகிறது. ஏன் போனார்கள் என்று பாட்டு வாய் திறப்பதில்லை. நாமே காரணம் தேடித் தவிக்கிறோம்.

தொழிலைக்கொண்டு குலம் வகுத்தது சரியே. தட்டார், கொல்லர், கன்னார், தச்சர், கல்தச்சர் என்ற ஐவரும் விசுவகர்மாவின் வழியினர் என்னும் கம்மாளர் மரபு நமக்குப் புதிதல்ல. (விளக்காருக்கு மட்டும் தொழில் போதவில்லை. 1965இல் தங்கவயலின் ஆழத்தில் கருவிகளை வைத்து, மலையையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோத் துகள்களின் தடத்தை அறிவியலாளர்கள் பதிவு செய்தார்கள். இருட்டில் காத்திருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணும் அந்த வேலையை விளக்காருக்குக் கொடுத்துப் பாருங்கள்.) ஆனால் ஐந்து குலத்தாரும் தங்களைத் தாங்களே ‘குள்ளர்’ என்று அழைத்துக்கொள்வது உறுத்துகிறது. அது மேலே நின்று குனிந்து பார்ப்பவன் வைத்த பெயர். ஐந்து குலத்துக்கும் தாங்களே இட்டுக்கொண்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். அதையும் அவர்கள் ஐந்து விதமாக உச்சரிப்பார்கள்.

ஆகவே நாற்பது பக்கங்களையும் எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதலில் வையுங்கள். வெட்டியதில் தேவையானவற்றைப் பங்கிட்டு ஆளுக்கொரு வாயில் போடுங்கள்; இறந்தவர்களின் எண்ணிக்கை கடைசிவரை ஒத்துவர வேண்டாம். பிரதியின் ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். உலையார் கிழவி பேசும் இடங்களில் மட்டும் நான் ஒரு கோடும் போடவில்லை.

அன்புடன்,
உங்கள் அல்சூர் அண்ணன்